துபாயிலிருந்து வந்த விமானம்

அன்று சனிக்கிழமை. நோன்பு பிறக்க ஒரு கிழமைதான் இருந்தது. என் கணவர் இரண்டு வருடத்துக்குப் பிறகு துபாயிலிருந்து லீவில் வருகிறார். காலையில் கட்டுநாயக்கவில் இறங்கினால், கூட வருகிற எங்கள் பக்கத்து ஆட்களோடு சேர்ந்து ஒரு வான் வண்டி பிடித்து, பொழுதுபடும் மஃரிப் நேரத்தில் சாய்ந்தமருதுக்கு வந்துவிடுவார். ரோட்டு நிலைமை சரியில்லை, விமான நிலையத்துக்கு ஒருவரும் வரவேண்டாம் என்று அவரே எழுதியிருந்தார். அதனால் எல்லாரும் வீட்டில் இருந்தோம். வாப்பா மட்டும் மாவடிப்பள்ளி வயலுக்குப் போயிருந்தார். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். மருமகன் வருகிறார் என்பதற்காகத் தண்ணீர் காத்துக்கொண்டு நிற்குமா என்று சொல்லிவிட்டு விடியவே சைக்கிளை எடுத்துவிட்டார்.

அடுப்பில் கோழி ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கை என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகளுக்கு மூன்று வயது. ஒரு வயதில் பார்த்த வாப்பாவை அவளுக்கு நினைவில்லை. போட்டோவைக் காட்டினால் மட்டும் "வாப்பா" என்பாள்.

ரேடியோவில் பகல் செய்தி போய்க்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. தங்கையின் கை சீப்போடு அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

கட்டுநாயக்கவில் நின்ற விமானம் ஒன்றில் குண்டு வெடித்திருக்கிறது. காலை ஒன்பது மணியளவில். பலர் இறந்துவிட்டார்கள். துபாய் வழியாக வந்த விமானம்.

அடுத்த செய்திக்கு அறிவிப்பாளர் போய்விட்டார். உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "என்ன செல்றான்? என்ன செல்றான் புள்ள?" என்று கேட்டார். உம்மா ரேடியோவின் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அது திரும்பச் சொல்லும் என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. மணிக்கணக்குத்தான் வந்தது. இரவு மூன்று மணிக்கு விமானம் என்று அவர் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். துபாயிலிருந்து கொழும்புக்கு நாலரை மணித்தியாலம். அது எனக்கு மனப்பாடம். முதல் தடவை போய் வந்தபோதே சொல்லியிருந்தார், சோறு தந்து தட்டை எடுத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் வந்துவிடும் என்று. மூன்றோடு நாலரையைக் கூட்டினால் ஏழரை. ஏழரைக்கு இறங்கியவர் எட்டரைக்காவது வெளியே போயிருப்பார். ஒன்பது மணிக்கு வான் வண்டியில் மினுவாங்கொடை தாண்டியிருப்பார்.

"ஏழரைக்கு வந்திருப்பாரும்மா. வெடிச்சது ஒன்பதுக்கு. அவர் எப்பவோ வெளிக்கிட்டிருப்பார்," என்றேன்.

உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழும்பினார். ஆனால் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் மகளின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போது உயர்தர ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னகா?" என்றேன்.

"ஒண்டுமில்ல ராத்தா."

"செல்லு."

"அங்கத்தய மணியும் இஞ்சத்தய மணியும் ஒண்டில்ல ராத்தா. அங்க ஒண்டரை மணித்தியாலம் பிந்தி. அங்க மூணு மணியெண்டா இஞ்ச நாலரை."

நாலரையும் நாலரையும் ஒன்பது.

தங்கை உடனே, "மச்சான் எழுதினது எந்த மணியெண்டு தெரியாதானே. இஞ்சத்தய மணியையும் எழுதியிரிக்கலாம்," என்றாள். ஆனால் அங்கிருந்து எழுதுகிறவர் அங்கத்தய மணியைத்தான் எழுதுவார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது மணிக்கு வந்த விமானத்தில் ஒன்பது மணிக்கு வெடித்தது. அதற்குமேல் என் புத்தி ஓடவில்லை. ஆணம் அடிப்பிடித்த வாசம் வீடெல்லாம் பரவியது. எவரும் போய் இறக்கவில்லை.

வாப்பா வயல் சேறு காலில் காயாமலே வந்து சேர்ந்தார். வழியில் காரைதீவுச் சந்தியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே விழவிட்டு, "மகள், வெளிக்கிடு. மில்லுக்குப் போவம்," என்றார்.

அவர் நெல் கொடுக்கும் மில்காரரிடம் டெலிபோன் இருந்தது. ஆண்கள் நிற்கும் மில்லுக்கு நான் அதற்குமுன் போனதில்லை. அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மில்காரர் மெஷினை நிறுத்தச் சொல்லி, கதிரை ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு, கொழும்புக்கு ட்ரங்க் கோல் பதிந்தார். புறக்கோட்டையில் மருதமுனையில் நெய்த சாரம் விற்கும் கடையொன்று உம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியுடையது. எங்களுக்குக் கொழும்பில் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

லைன் கிடைக்கப் பின்னேரம் அஸர் ஆகிவிட்டது. வாப்பா சத்தமாகக் கதைத்தார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிட்டப் போக விடுறானுகளில்லையாம்," என்றார் டெலிபோனை வைத்துவிட்டு. "மவுத்தானது முக்காவாசியும் வெள்ளக்காரனுகளாம். மாலதீவுக்குப் போக ஏறினவனுகளாம். கொழும்பில இறங்கிறாக்கள் அதுக்கு முந்தி இறங்கிற்றாங்களாம்."

"ஆரு சென்ன?"

"சனம் கதைக்கிறதாம் மகள்."

சனம் கதைக்கிறதை நான் எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. ஆனாலும் பற்றிக்கொண்டேன். மஃரிபுக்கு வான் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மஃரிப் வந்தது. இரவு இஷாவும் வந்தது. பொழுதுபட்டால் மகியங்கனைக் காட்டு ரோட்டில் வான்கள் ஓடுவதில்லை, எங்காவது தங்கித்தான் வருவார்கள் என்று வாப்பா சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் அந்த இரவைக் கழித்தோம்.

ஞாயிறு காலை வான் சத்தம் கேட்டது. நான் வாசல் படலையடிக்கு ஓடினேன். மேலே பெட்டிகள் கட்டியிருந்தன. அவருடைய பச்சைச் சூட்கேசும் இருந்தது. அதில் அவர் கையெழுத்தில் ஊர்ப்பெயர். வானிலிருந்து இறங்கியவர் மருதமுனைக்காரர், துபாயில் அவரோடு ஒரே தொழிலாளர் கேம்பில் இருந்தவர். எங்களைக் கண்டதும் அவர் சூட்கேசை இறக்குவதில் குறியாக இருந்தார்.

"மச்சான் எங்க?" என்றேன்.

"உசிரோட இரிக்கார் தங்கச்சி. முதல்ல அதக் கேளுங்க. ஹயாத்தோட இரிக்கார்."

பிறகுதான் சொன்னார். அவர்கள் இறங்கி, பெட்டி எடுக்க நின்றுகொண்டிருந்தபோது வெடித்தது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஆட்கள் நிலத்தில் விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லா வாசலையும் மூடி, ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள். என் கணவர் எலெக்ட்ரீசியன். பெரிய பெட்டியைப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். கைப்பையில்தான் வயர் சுருள்கள், குறடு, டெஸ்டர், அவற்றோடு நோன்புக்கு விடியுமுன் சஹர் சாப்பிட எழும்ப வாங்கிய ஒரு அலாரம் மணிக்கூடு இருந்தன. வயரும் மணிக்கூடும் ஒரே பையில். கிழக்கு மாகாணத்து அடையாள அட்டை வேறு. அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

"பெட்டியக் கொண்டு போங்க, நான் பொறகு வாறன் எண்டுதான் சென்னார். நாங்க வெளிய நிண்டு பார்த்தம். எங்களையும் விரட்டிற்றானுகள்."

உம்மா இரண்டு ரக்அத் தொழ உள்ளே போனார். செத்தவர்களோடு இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த வருடங்களில் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள்.

வாப்பா சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "நான் போய்க் கூட்டிற்று வாறன்."

"நானும் வாறன்."

"நீ வந்து என்ன செய்யிற? ரோட்டெல்லாம் செக் பொயின்ட்."

"உங்களையும் புடிச்சா ஊருக்கு வந்து செல்ல ஒரு ஆள் வேணும் வாப்பா."

அவர் மறுக்கவில்லை. மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். அம்பாறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ். எத்தனை தடவை இறக்கி ஏற்றினார்கள் என்று நினைவில்லை. ஒவ்வொரு முறையும் வாப்பா எனக்கு முன்னால் நின்று, அம்பாறைச் சந்தையில் நெல் விற்றுப் பழகிய சிங்களத்தில், மகளை டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசர். ஒவ்வொரு முறையும் அவருடைய கழுத்து வியர்த்தது. கண்டியில் ஒரு பள்ளிவாசல் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, திங்கள் பகல் புறக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். துபாயிலிருந்து அவர் வர எடுத்த நேரத்தை அந்தப் பஸ்ஸில் நான் எத்தனையோ முறை கணக்குப் பார்த்திருப்பேன். கடலைத் தாண்டி, இந்தியாவைத் தாண்டி, நாலரை மணித்தியாலம். நாங்கள் ஒரு பகல், ஒரு இரவு, இன்னும் அரைப் பகல், ஒரே நாட்டுக்குள்.

கடைக்கார மாமா எந்தப் பொலிஸ் நிலையம் என்று விசாரித்து வைத்திருந்தார். அங்கே போனோம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் பெயரைக் கேட்டார், உள்ளே போனார், வந்து, "விசாரணை முடியவில்லை. போங்கள்," என்றார். வாப்பா மருமகன் எலெக்ட்ரீசியன் என்பதைச் சொன்னார். கம்பெனியைச் சொன்னார். "அதை யார் சாட்சி சொல்வது? நீங்களா?" என்று பொலிஸ்காரர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு மரத்தடியில் நின்றோம். எனக்கு அப்போதுதான் அவருடைய சிங்களக் கூட்டாளி ஒருவரின் நினைப்பு வந்தது. என் கணவரோடு ஒரே அறையில் இருந்தவர், ஒரே வேலை. இருவரும் ஒரே நாளில் லீவு எடுத்து, ஒரே விமானத்தில் வந்திருந்தார்கள். போன லீவில் வாப்பா விமான நிலையத்துக்குப் போயிருந்தபோது, அந்தக் கூட்டாளி விடமாட்டேன் என்று இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருந்தார்.

"வாப்பா, அந்த வீடு தெரியுமா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். "நாத்தாண்டியப் பக்கம். ரோடு தெரியும். ஆனா மகள், இந்த நேரத்தில அவன் வருவானா?"

"கேட்டுத்தான் பார்ப்பம்."

தென்னந்தோட்டங்களுக்கு நடுவே மணல் பாதையில் நடந்து அந்த வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் பிரிக்காத கார்ட்போர்ட் பெட்டி ஒன்று கிடந்தது. ஒரு கிழவி எங்களைப் பார்த்தார். என் முக்காட்டைப் பார்த்தார். உள்ளே போனார். அவருடைய மகன், அந்தக் கூட்டாளி, வெளியே வந்தார். வாப்பாவைக் கண்டதும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் விடவில்லையா மாமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

வாப்பா எல்லாவற்றையும் சொன்னார். வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே கம்பெனி, ஒரே வேலை, அது வேலைச் சாமான் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளிருந்து கிழவியின் குரல் வந்தது. "அங்கே போனால் உன்னையும் பிடித்து வைப்பார்கள். குண்டு வைத்தவனுக்குக் கூட்டாளி என்பார்கள். போகாதே."

"அம்மா, அவன் குண்டு வைக்கவில்லை."

"அது உனக்குத் தெரியும். அவர்களுக்கு?"

அவர் வாப்பாவிடம் திரும்பினார். "மாமா, பையைத் திறந்தபோது நான் அவனுக்கு முன்னால்தான் நின்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துவிட்டேன்." அதைச் சொல்லிவிட்டு அவர் முற்றத்துப் பெட்டியையே பார்த்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாப்பா என் கையைத் தொட்டார், போவோம் என்பதுபோல. நான் அசையவில்லை. எனக்குச் சிங்களம் பாதிதான் விளங்கும், பேச வராது. நின்றுகொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்ய முடியாமல் இருந்தது.

அப்போது அவருடைய மனைவி கதவடிக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது யார் கஞ்சி காய்ச்சித் தந்தது என்று எனக்கு எழுதியது நீங்கள்தானே."

உள்ளே போய் அவருடைய சேர்ட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவந்து நீட்டினாள். கிழவி ஏதோ கத்தினார். அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். வாசல்வரை வந்தவர் திரும்பிப் போய், அறைக்குள்ளிருந்து ஒரு மணிக்கூட்டை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்குள் அவரையும் வாப்பாவையும் விட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை வாப்பா பிறகு சொன்னார். கூட்டாளி தன் வேலை அட்டையைக் காட்டினார். தன் மணிக்கூட்டை மேசையில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கியவை, அதே நிறம், அதே அளவு. அதிகாரி பிடித்துவைத்திருந்ததையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, பின்மூடிகளைக் கழற்றிப் பார்த்தார். பிறகு கூட்டாளியிடம், "உனக்கு இதில் என்ன அக்கறை?" என்று கேட்டார்.

"நான்தான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் சேர்," என்று அவர் சொன்னாராம்.

அதன்பிறகும் உடனே விடவில்லை. எங்கோ டெலிபோன் பண்ணினார்கள். யாரோ வந்தார்கள், போனார்கள். கூட்டாளியைத் தனியே ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவை மூடினார்கள். கிழவி சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கதவு திறந்தபோது அவர் அழுத முகத்தோடு, ஆனால் தனியாக, தன் காலில் நடந்து வந்தார். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தார்.

பின்னேரம் என் கணவரை வெளியே விட்டார்கள். காலில் செருப்பில்லை. இடது காது வீங்கி, அந்தப் பக்கக் கன்னம் நிறம் மாறியிருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அவர் முதலில் கூட்டாளியைத்தான் பார்த்தார். கூட்டாளி எழும்பி நின்றார். என் கணவர் அவருடைய தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான். பிறகு என்னிடம் வந்து, "மகளையும் கொண்டு வந்த நீயா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நல்லம்," என்றார்.

ஊர் திரும்பும் வழியில் ஒவ்வொரு செக் பொயின்ட்டிலும் அவர் கைகளைத் தொடைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது மகள் அந்த வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு தங்கையிடம் ஓடினாள். போட்டோவில் இருந்த ஆள் இவரில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். நோன்பு பாதி போனபிறகுதான் அவர் மடியில் ஏறினாள். அதற்கு அவர் நாள்தோறும் நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தைத் தன் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார்.

வீக்கம் வடிந்தது. காது சரிவரவில்லை. அந்தப் பக்கத்தில் நின்று கதைத்தால் அவருக்கு இன்றைக்கும் கேட்பதில்லை; நான் வலப்பக்கம் போய் நிற்கப் பழகிவிட்டேன்.

லீவு முடியும்போது போகவேண்டாம் என்று நான் சொன்னேன். உம்மாவும் சொன்னார். ஊரில் வீடுகளுக்கு வயரிங் செய்தாலும் பிழைக்கலாம். ஆனால் அவர், "அங்க கதவு தட்டினா அது கூட்டாளியாத்தான் இரிக்கும்," என்றார். "இஞ்ச தட்டினா ஆரெண்டு தெரியா." ஊரில் அந்த மாதமே இரண்டு வீடுகளில் இரவில் கதவு தட்டி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இந்த முறை நானும் வாப்பாவும் விமான நிலையம்வரை போனோம். கூட்டாளி தன் மனைவியோடு வந்திருந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது, ஆனால் விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் என் கணவரின் பையைத் திறந்தார்கள். அதில் உடுப்பும் உம்மா கட்டித் தந்த மாசிச் சம்பலும் மட்டுமே இருந்தன. கூட்டாளியின் பையைப் பார்த்து முடித்துவிட்டார்கள். அவர் முன்னே போகலாம். போகவில்லை. என் கணவரின் பையை மூடித் திருப்பிக் கொடுக்கும்வரை பக்கத்தில் நின்று, பிறகு இருவரும் ஒன்றாக நடந்தார்கள்.

விமானம் எழும்பியபோது நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். அன்று மகியங்கனைக்கு இப்பால் ரோட்டை மூடிவிட்டார்கள். இறங்கி வெயிலில் நின்றோம். வாப்பா தன் குடையை எனக்குப் பிடித்தார். எவ்வளவு நேரமோ தெரியாது, பிறகு விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது உம்மா மகளை நித்திரையாக்கிவிட்டு வாசலில் நின்றார்.

"மருமகன் போய்ச் சேர்ந்திருப்பாரா?"

"எப்பவோ சேர்ந்திருப்பார் உம்மா."

"நீங்க ரெண்டு பேரும் ஏதும் தின்னீங்களா?"

வாப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் அதுவரை அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. உம்மா அடுப்பை மூட்டப் போனார்.